லோரியை விட்டு இறங்கிய வரிசை

ரவாங்
10.1.1988

அன்புள்ள திலகத்துக்கு,

நலம். மாமாவின் முழங்கால் வலி தேவலையா? போன வாரம் உன் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டேன். உன் மேலதிகாரி பெரிய கிராணி எடுத்து, "ஆபீஸ் டைம்லா தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் பேச அவரிடம் மனுப் போட வேண்டும் போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரிய செய்தி. கிள்ளானில் நாம் இருவரும் மாலை வகுப்பில் படித்தோமே, அதே கம்ப்யூட்டர் மொழியின் புது வெர்ஷன் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு வந்துவிட்டது. ஐந்து டிஸ்க், கூடவே செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். சோறு தண்ணீர் மறந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தேதிக் கணக்குக்கு நாம் எவ்வளவு பாடு பட்டோம்? பிப்ரவரி வந்தால் உனக்குத் தலைவலியே வரும். இப்போது இரண்டு தேதியைக் கொடுத்தால் அதுவே கழித்துச் சொல்லிவிடுகிறது. பெயருக்குப் பின்னால் தொங்கும் வெற்றிடத்தை வெட்ட ஒரு ஃபங்ஷன், கூட்டத்தில் ஒரு பெயரைத் தேட ஒரு ஃபங்ஷன். எல்லாம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. லைப்ரரியையும் சீர் செய்திருக்கிறார்கள். வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்வதால் புரோகிராம் பாதியாக இளைத்துவிட்டது.

அதைவிடப் பெரிய விசேஷம், பெயர்களை வரிசைப்படுத்த இனி ஒரே வரி போதும்! நீ ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தாயே, ஓட்டிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வரலாமே, அதைத் தூக்கிவிட்டேன். நடுவில் 'சமமா இருந்தா தொடாதே' என்று ஒரு குறிப்பு வேறு. படித்துத் தனியாகச் சிரித்தேன். யாரைத் தொடக் கூடாதாம், என்னையா? அதையும் சேர்த்து அழித்தாயிற்று.

உங்கள் தோட்டத்தில் புதிதாகக் கட்டிய கல்வீடுகளை, வேலையில் சேர்ந்த வருஷப்படி பங்கிடுவதுதான் புது வெர்ஷனில் ஓடப் போகும் முதல் வேலை. மாமா இந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டு நிற்கிறார், லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உன் அம்மா கவலைப்படுவது எனக்குத் தெரியும். சொல்லிவை, கல்வீடு வந்துவிடும். பொங்கலுக்கு வர முடியாது, எங்கள் கடை முதலாளி தவுக்கே லீவு தரமாட்டேன் என்கிறார். ஆவணியில் நம் கல்யாணத்துக்கு மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உமாபதி


பாலத்தடித் தோட்டம்
கோல சிலாங்கூர்
19.1.1988

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கல் முடிந்தது. நீங்கள் வராததால் பானை பொங்கும்போதுகூடத் தாயம்மா அத்தை சிரிக்கவில்லை. நான் போய் உங்கள் வீட்டுக்கும் கோலம் போட்டுவிட்டு வந்தேன்.

சிரித்தீர்களாமே, நன்றாகச் சிரியுங்கள். ஆனால் என்னைக் கேட்காமல் என் எழுத்தில் எப்படிக் கை வைத்தீர்கள்? உங்கள் கடைக்கு நான் சும்மாதானே எழுதிக் கொடுத்தேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

அந்தக் குறிப்பு யாருக்கு என்று கேட்டீர்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்பு நடந்ததுதான், ஆனால் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் காது புளித்த கதை. அறுபத்தொன்றில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, ஒன்பது குடும்பம் ஒரே லோரியில் இங்கே வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இறங்கி, அப்போதிருந்த கிராணியிடம் ஒவ்வொருவராகப் பேர் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த ஒன்பது பேருக்குள் எல்லாமே இறங்கிய வரிசைதான். கோயிலில் திருநீறு வாங்குவது, சம்பளத்துக்குக் கூப்பிடுவது, லயத்தில் நல்ல வீடு காலியானால் மாற்றிக் கொடுப்பது, எல்லாம். ரெங்கசாமி தாத்தா முதல், சன்னாசி மாமா இரண்டு, என் அப்பா மூன்று. கடைசியில் உங்கள் அம்மா. வயிற்றில் நீங்கள், வழியெல்லாம் வாந்தி. உங்கள் அப்பா அவரைத் தாங்கிப் பிடித்து இறக்குவதற்குள் மற்ற எல்லாரும் பேர் கொடுத்துவிட்டார்கள். கூடப் பிறந்த அண்ணன், என் அப்பா, திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போய்ப் பேர் கொடுத்தார் என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

ஒன்பது பேருக்கும் வேலையில் சேர்ந்த வருஷம் ஒன்றுதான். அதனால் டிஸ்க்கில் பெயர்களைத் தட்டும்போது அவர்கள் இறங்கிய வரிசையிலேயே தட்டினேன். என் புரோகிராம் வருஷத்தைப் பார்க்கும். சமமாக இருந்தால் இருந்த இடத்திலேயே விட்டுவிடும். உங்கள் ஒரு வரி அப்படி விடுமா, இல்லை கலைத்துப் போடுமா? புத்தகத்தில் பார்த்துச் சொல்லுங்கள். வீடு எல்லாருக்கும் பத்தாது. அறுபத்தொன்றாம் வருஷத்துக்காரர்கள் முறை வரும்போது ஐந்து வீடுதான் மிச்சம் இருக்கும் என்கிறார் பெரிய கிராணி. ஒன்பது பேருக்கு ஐந்து. விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அத்தான்.

உங்கள்
திலகம்


ரவாங்
3.2.1988

அன்புள்ள திலகத்துக்கு,

உன் ஒரு பக்கம் போய்விட்ட கோபம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. மூக்குக்கு மேல் வருகிறது உனக்கு. கல்யாணத்துக்குப் பிறகு என் கதி என்ன?

யோசித்துப் பார். அந்த மொழியை எழுதியவர்கள் எத்தனை பேர், எவ்வளவு படித்தவர்கள்? கிள்ளானில் கடைக்கு மேல்மாடியில் படித்த உனக்குத் தோன்றியது அவர்களுக்குத் தோன்றியிருக்காதா? ஆனாலும் உன் திருப்திக்காகப் பத்துப் பேரைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வருஷ வாரியாக வந்து நின்றார்கள். ஒரு பிசகு இல்லை.

லோரிக் கதை எனக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு லோரி தெரியாது, வருஷம்தான் தெரியும். தோட்டத்துக் கம்பெனி எங்களுக்கு எழுதிக் கொடுத்த விதியிலும் சேர்ந்த வருஷம் என்று மட்டும்தான் இருக்கிறது. சீனப் பெருநாளுக்கு முன்பு முடித்தாக வேண்டும் என்று தவுக்கே கழுத்தைப் பிடித்தார். நேற்றுப் பிரிண்ட் எடுத்து அனுப்பியாகிவிட்டது. இனி அதைப் பற்றிப் பேசாதே. நீ வேறு ஏதாவது எழுது. கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் படகில் போவோம் என்றாயே, சித்திரையில் வருகிறேன், போகலாம்.

அன்புடன்,
உமாபதி


பாலத்தடித் தோட்டம்
1.3.1988

அத்தானுக்கு,

இன்று காலை பெரட்டில் பெயர் வாசித்தார்கள். அப்பா நேற்றே முடி வெட்டிக்கொண்டார். இன்று தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வேலைக்குப் போகிற பெரட்டுக்கு யார் வெள்ளைச் சட்டை போடுவார்கள்? அம்மா கேட்டதற்கு, "வீட்டுக்காரன் ஆவப் போறேன்ல?" என்றார்.

அறுபத்தொன்றாம் வருஷம் வந்தது. முதல் பெயர் இராஜம்மா வீட்டுக்காரர். லோரியிலிருந்து ஆறாவதாக இறங்கியவர். கூட்டத்தில் சலசலப்பு. இரண்டாவது பெயர் தாயம்மா. உங்கள் அம்மா. ஐந்தும் வாசித்து முடித்தாயிற்று. அப்பா பெயர் இல்லை. பெயர் வாசித்த மண்டோர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறும் வெள்ளை. அதற்குப் பிறகு வீடு கிடைக்காதவர்கள் பெயரைப் பெரிய கிராணி வாசித்தார். ரெங்கசாமி தாத்தா, சன்னாசி மாமா, இன்னொருவர், கடைசியாக இருசப்பன். ஒன்பதில் ஒன்பதாவது. என் அப்பா அந்த வெள்ளைச் சட்டையோடு நின்றார் அத்தான். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து லயத்துக் காளியம்மா சும்மா இருப்பாளா? "மவன் கம்ப்யூட்டர தட்டுனா ஆத்தாவுக்கு வீடு வராம வேற யாருக்குலா வரும்?" என்று களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அத்தை விட்டாரா? "அன்னிக்கு லோரியில கொடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தேன். எங்கண்ணன் திரும்பிக்கூடப் பாக்கல. இன்னிக்கு மாரியாத்தா பாத்துட்டா" என்றார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது.

என் பழைய புரோகிராமை இன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். காப்பி ஆறும்வரை ஓடியது. அப்பா மூன்றாவது. பத்துப் பேரை வைத்துச் சோதித்தேன் என்று எழுதினீர்களே, பத்துப் பேரும் வேறு வேறு வருஷத்துக்காரர்கள்தானே? ஒரே வருஷத்துக்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்திருந்தால் தெரிந்திருக்குமே. நான் தலையில் அடித்துக்கொண்டு எழுதியதும் அதைத்தானே? என் கடிதத்தைப் படித்தீர்களா, இல்லை அதையும் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூக்கிப் போட்டீர்களா?

திலகம்


ரவாங்
12.3.1988

திலகத்துக்கு,

மாரியாத்தா மேல் சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. அம்மா பெயர் எங்கே வரும் என்றுகூடப் பார்க்கவில்லை. யார் என்ன சொன்னாலும் நீ நம்பாதே.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நீ கேட்டது இருக்கிறது. அந்த ஃபங்ஷனின் பக்கத்துக்குக் கடைசியில், பொடி எழுத்தில், சமமானவை பழைய வரிசையில் இருக்கும் என்று சொல்ல முடியாது என்று ஒரே வரி. அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பார்கள், சொல்லு?

இங்கே நிலைமை மோசம். தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் உங்கள் மேனேஜருக்கு எழுத, அவர் தவுக்கேக்கு எழுதியிருக்கிறார். நான் அம்மாவுக்காகப் பட்டியலில் கைவைத்திருந்தால் அதை ரத்துச் செய்து கையாலேயே வேறு போடுவார்களாம். எனக்கு வேலை போகும், போலீஸ் வரைக்கும் போவேன் என்கிறார் தவுக்கே. ஃபங்ஷன் தானாகக் கலைத்துப் போட்டது என்று நான் சொன்னால் யாரும் நம்பவில்லை. "நீ சொல்லாம பின்ன யார் சொல்லுவா?" என்கிறார்கள். வீடு கிடைக்காத வீட்டுப் பெண் நீ. அந்தப் புரோகிராமை எழுதியவளும் நீ. நீ எழுதினால் மேனேஜர் நம்புவார். ஒரு பக்கம் போதும். என் மானம் உன் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். ஆவணியில் நீ என்னைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குத்தானே வரப் போகிறாய்? அம்மாவுக்குக் கிடைத்தால் என்ன, மாமாவுக்குக் கிடைத்தால் என்ன? எல்லாம் ஒரே குடும்பம்தானே. மாமாவும் உன் அம்மாவும் நம்மோடு வந்து இருந்துகொள்ளட்டும். யார் முன்னே, யார் பின்னே என்பதில் என்ன இருக்கிறது?

உன்
உமாபதி


பாலத்தடித் தோட்டம்
18.3.1988

உமாபதி அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் பிரித்தேன். தட்டிக்கொண்டிருந்த தாளைக் கசக்கிப் போட்டேன். பெரிய கிராணி, "ஏன்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

யாருக்குக் கிடைத்தால் என்ன என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா, பெண்ணைக் கொடுத்த வீட்டில், தங்கை கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டு, அவர் வாந்தியெடுத்த கதையைத் தினமும் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டுமா? அந்த வீட்டுக்குச் சாவி யார் இடுப்பில் இருக்கும்? உங்களுக்கு இருவரும் சமம். அதனால் ஒருவர் இடத்தில் மற்றவரைத் தூக்கிப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறீர்கள். உங்கள் ஒரு வரி ஃபங்ஷனும் அப்படித்தான் நினைத்தது. அதற்காவது மூளை இல்லை.

எழுது என்கிறீர்கள். எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? நேற்று மேனேஜர் தொரை என்னைக் கூப்பிட்டார். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அவருக்கு லோரியும் தெரியாது, இறங்கிய வரிசையும் தெரியாது. "யாராவது ஏமாற்றியிருந்தால் பட்டியல் செல்லாது. யாரும் ஏமாற்றவில்லை என்றால் விதிப்படி வருஷம் சரியாகத்தான் இருக்கிறது, அப்படியே நிற்கட்டும்" என்றார். ஆக, நான் உண்மையை எழுதினால் நீங்கள் தப்பிப்பீர்கள், அப்பாவுக்கு வீடு இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் போதும், நீங்கள் திருடன் ஆவீர்கள், பெரிய கிராணி இறங்கிய வரிசைப்படி கையால் போடுவார், அப்பாவுக்குச் சாவி வரும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும்.

அம்மா, "சும்மா இருடி" என்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் தொரை. என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

திலகம்


ரவாங்
9.4.1988

என் அன்புத் திலகத்துக்கு,

உன்னை எந்த வார்த்தையால் புகழ்வது? உன் கடிதத்தின் நகலைத் தவுக்கே எனக்குக் காட்டினார். எவ்வளவு தெளிவு! சமமான இரண்டு பெயரை ஃபங்ஷன் எப்படி இடம் மாற்றுகிறது என்று படம் போட்டு விளக்கியிருக்கிறாயே, தவுக்கேக்கே புரிந்துவிட்டது. "இந்தப் பொண்ண இங்க வேலைக்குக் கூட்டிட்டு வா" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நீ கைவிடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

வீடு விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் மேனேஜர் முடிவு செய்துவிட்டார், அதில் நாம் என்ன செய்ய முடியும்? அம்மா இந்த மாதக் கடைசியில் பால் காய்ச்சுகிறார். மாமாவையும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீ முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும். எனக்கு வர முடியாது. சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்திலும் வீடு பிரிக்கிறார்களாம், அதே புரோகிராமைக் கேட்டிருக்கிறார்கள். பெயரையும் வருஷத்தையும் மாற்றினால் போதும், வேலை சுலபம். அதை முடித்ததும் சம்பளம் கூட்டுவதாகத் தவுக்கே சொல்லியிருக்கிறார். ஆவணியில் எந்த நாள் என்று ஐயரிடம் கேட்டு எழுது.

என்றும் உன்
உமாபதி


பாலத்தடித் தோட்டம்
4.5.1988

திரு. உமாபதி அவர்களுக்கு,

ஆவணியில் நாள் பார்க்க வேண்டாம். ஐயரிடம் நான் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. பரிசம் போட்ட சேலையைத் தாயம்மா அத்தையிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார்.

உங்களுக்காக எழுதினேன் என்று நினைத்துப் புகழ்ந்திருக்கிறீர்கள். இல்லை. எழுத வேண்டிய கடைசி நாள் காலையில் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "அவன் வேணும்னு செஞ்சானா?" என்று கேட்டார். "இல்லப்பா, படிக்காம செஞ்சுட்டாரு" என்றேன். "அப்ப அதையே எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். அதனால் எழுதினேன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என்னையே திட்டிக்கொண்டேன். மறுபடியும் அந்த நாள் வந்தால் எழுதுவேனா என்று என்னால் சொல்ல முடியாது.

அத்தை வீட்டுப் பால் காய்ச்சுக்குப் போனோம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்பா, "என் தங்கச்சி வீடு, போவாம இருப்பேனா?" என்றார். அதே வெள்ளைச் சட்டை. பூஜை முடிந்து பண்டாரம் திருநீற்றுத் தட்டோடு வந்தபோது, லோரியில் வந்தவர்கள் பழக்கத்தில் தாங்களாகவே ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். ரெங்கசாமி தாத்தா, அவருக்குப் பின்னால் சன்னாசி மாமா. மூன்றாவது இடத்தில் ஆள் இல்லை. அப்பா போய்க் கடைசியில் நின்றார். உங்கள் அம்மாவுக்கும் பின்னால்.

சன்னாசி மாமா வந்து கையைப் பிடித்து இழுத்தார். "வாய்யா, ஒன் எடம் இங்கல்ல இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல கடேசின்னு போட்டிருக்குலா" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அத்தை மட்டும் அடுப்படிக்குள் போய்விட்டார், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. பிறகு ஒரு வாளியில் பாயசம் கொடுத்தனுப்பினார். அதை யாரும் குடிக்கவில்லை.

ஜெராமில் மீன் கடைக்குப் பின்னால் ஒரு பலகை வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறோம். வருஷக் கடைசியில் போய்விடுவோம். அங்கே எழுத வேண்டாம்.

ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். சுங்கை ஆயர் தாவாருக்கு அதே புரோகிராம் போகிறது, பெயரையும் வருஷத்தையும் மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தோட்டத்திலும் ஏதாவது ஒரு வருஷம் ஒரு லோரி வந்து நின்றிருக்கும். யார் முதலில் இறங்கினார்கள் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அனுப்புவதற்கு முன் போய்க் கேளுங்கள். நீங்கள் அழித்த என் ஒரு பக்கத்தைத் தனி டிஸ்க்கில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். மெதுவாகத்தான் ஓடும், ஓடட்டும். நடுவில் இருக்கும் குறிப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மூன்றாவதாக இறங்கிய இருசப்பன் மகள்
திலகம்